வெர்னாவிடம் தங்கிய தகடு

"உங்கப்பா ஹீரோதானே, டெல்லா?"

கொட்டகை எரிந்த மறுநாள் எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு எழுதும் மேவிஸ் இப்படிக் கேட்டார். தீயணைப்பு நிலையத்தின் சமையலறையில் நான் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் வேலை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். "ஆமாம் என்றாள் மகள், பெருமையுடன்" என்று அச்சில் வந்துவிட்டது.

எங்கள் தீயணைப்புப் படையில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ரெமி குழாய் ரிப்பேர் செய்கிறார். தலைவர் வெர்னாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. இடுப்பில் பேஜர் அலறினால் எல்லோரும் ஓடுவார்கள். எரியும் கட்டடத்துக்குள் போகிறவர் தன் பெயர்த்தகட்டைக் கழற்றி வெர்னாவிடம் கொடுக்க வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தகடு அவரிடம் இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

பெல்தியேவின் உருளைக்கிழங்குக் கொட்டகை எரிந்த அன்று அப்பா பின்கதவு வழியாக வெளியே வந்தார். தகட்டை வாங்காமல் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வெர்னா தகடுகளை எண்ணினார், அப்பாவுடையது மிச்சம் இருந்தது. அப்பாவைத் தேடி ரெமி மறுபடி உள்ளே போனார். உத்தரம் விழுந்து அவர் கால் முறிந்தது.

எல்லோரும் அப்பாவை 'மறதி' என்று கிண்டல் செய்தார்கள். ரெமி அவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர். ரெமியைப் பார்க்க அப்பா வண்டியை எடுப்பார், பாதி வழியில் திரும்பிவிடுவார். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

அந்த ஞாயிறு காலை நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து. 'எங்கள் ஹீரோக்கள்' என்று சுவரில் துணி கட்டியிருந்தார்கள். ரெமி ஊன்றுகோலுடன் வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னடா மறதி, இன்னிக்குக் கால்சட்டை போட ஞாபகம் இருந்துச்சா?"

மேசை முழுவதும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

"மறக்கலடா. பயந்துட்டேன். புகையில என் கையே எனக்குத் தெரியல, ஓடியாந்துட்டேன். வெர்னா மூஞ்சிய பாக்க வெக்கமா இருந்துச்சு, அதான் தகட்ட வாங்கல. உன் கால் என்னாலதான் போச்சு."

நான் ஊற்றிக்கொண்டிருந்த மேப்பிள் பாகு தட்டு நிறைந்து மேசையில் வழிந்தது. மேவிஸ் பேனாவைத் திறந்தார், எழுதாமல் மூடினார்.

ரெமி வாயிலிருந்ததை மெதுவாக மென்று முடித்தார்.

"பயமா? மரப்பட்டறை எரிஞ்சப்போ நான் என் கால்சட்டையிலயே... வேணாம், சாப்பிடுற எடம். பயந்தா பயந்துட்டுப் போ. வெளிய வந்தா வந்துட்டேன்னு சொல்லித் தொலைய வேண்டாமா? அதை விடு, மூணு வாரமா எட்டிக்கூடப் பாக்கல பாரு, அதுக்குத்தான் உன்ன ஒதைக்கணும்."

"ரெண்டு மாசம் நீ உள்ள போகக் கூடாது" என்றார் வெர்னா. "வெளிய நின்னு தண்ணிக் குழாயச் சுருட்டு. படைய விட்டுப் போறேன்னு மட்டும் வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்."

அப்பா அதற்கு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் எல்லோர் இடுப்பிலும் பேஜர் அலறியது. பாலத்துக்குப் பக்கத்தில் கார் ஒன்று கவிழ்ந்துவிட்டதாம். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் ஓடினார்கள். அப்பா மட்டும் எழவில்லை.

ரெமி அப்பாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஊன்றுகோலால் அவர் முழங்காலில் ஒரு இடி இடித்தார்.

"இன்னும் என்னடா உக்காந்திருக்க? இத நான் பாத்துக்கறேன். போ."

அப்பா எழுந்து கோட்டை எடுத்தார். ஒரு கையை மட்டும் அதில் நுழைத்தபடி, வண்டியை நோக்கி வெளியே போனார்.