மேடைக்கு வந்த கால்வாய்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெனிஃபர், கண்ணாடி உடைந்த ஒரு போட்டோ சட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மானாம்பதி வளர்மதியின் மாமனார் படம் அது. மகள் சசிரேகாவின் கல்யாணத்துக்கு வீடு துடைக்கும்போது கை தவறிவிட்டதாம். தாயும் மகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பின்பலகையை எடுத்ததும், படம் ஆடாமலிருக்கச் செருகியிருந்த இரண்டு அட்டைகள் மேஜையில் விழுந்தன. பழைய போஸ்ட்கார்டுகள். ஒன்றில் மதராஸ் சென்ட்ரல் ஸ்டேஷன், வாசலில் குதிரை வண்டிகள். இன்னொன்றில் நகரத்துக்கு நடுவே ஒரு கால்வாய். பாய் சுருட்டிய படகுகள், கரை முழுக்க விறகு.

"இது எந்த ஊரு ஆறு?" என்றாள் வளர்மதி.

"மெட்ராசுதாங்கா. பக்கிங்காம் கால்வாய்னு போட்டுக்கீது."

"போ ஜெனி. எங்க தங்கச்சி வூட்டாண்ட கீதே, அதுவா? மூக்கப் புடிச்சிக்கினுதான் தாண்டணும்."

ஜெனிஃபருக்குக் கை பரபரத்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினாள். ஒரு படகில் புகை. இன்னும் பெரிதாக்கினாள். அடுப்புக்கு முன்னால் ஒருத்தி, கண்ணுக்கு மேல் கையை மறைப்பாக வைத்து, நேராக இவர்களையே பார்த்தாள்.

சசிரேகா எழுந்து ஓடி வந்தாள். "அந்தப் பக்கம் தள்ளுக்கா. அது இன்னா, நாயா?"

நாயேதான். படகின் நுனியில் படுத்திருந்தது. டீ கொண்டுவந்தவர் கிளாஸோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"ரிசப்ஷனுக்குப் பின்னால இதையே போட்டுடுக்கா," என்றாள் சசிரேகா.

மேடைக்கு அவள் ஏற்கெனவே பனிமலையும் நீரூற்றும் சொல்லியிருந்தாள். வளர்மதி பதறிப்போனாள். "கல்யாணத்துல கறுப்பு வெள்ளையா? சம்பந்தி வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

"தண்ணிக்கு மட்டும் லேசா கலர் தரேன்கா. பாத்துட்டுச் சொல்லுங்க."

மதியச் சோறு ஆறிப்போனதே ஜெனிஃபருக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குப் பச்சை, பாய்களுக்குக் காவி. மெஷினிலிருந்து முதலில் வானம் வந்தது, அப்புறம் பாய்மரங்கள், கடைசியில் படகுக்காரி, ஆள் உயரத்துக்கு. வளர்மதி அந்தப் படகுக்காரியின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். மை ஒட்டிக்கொண்ட விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

ரிசப்ஷன் அன்றைக்கு மண்டபத்தில் மொய்க்கவரோடு மேடையேறியவர்கள், மணமக்களை விட்டுவிட்டுப் படகுக்குள் எட்டிப் பார்த்தார்கள். வீடியோக்காரர் தொண்டை கட்டும்வரை நகரச் சொன்னார். கடைசி வரிசையில் நின்ற ஜெனிஃபருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, திருமுக்கூடல் சடையப்பன், அவளைத் தேடி வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு படம் கீதாமே, ஸ்டேஷனு? பேத்தி காதுகுத்துக்கு அத்தப் போட்டுக் குடும்மா."

"அதுல ரயில் இல்லீங்களே, பெரியப்பா."

"ஸ்டேஷன் கீது இல்ல? ரயிலு வரும்," என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.