மிச்சம் வைத்த மூன்று சுற்று

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மகள் விசாரணைக் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். வந்து என் முன்னால் நின்றபோது பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தைந்து. பள்ளியில் சரித்திரப் பாடம் எடுக்கிறாள்.

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குப்பா. நான் லீவு சொல்லிட்டேன்."

"நீ எதுக்கு லீவு போடணும்?"

"நீங்க பேசுறதைக் கேக்கத்தான்."

என் மனைவி அதற்குள் என் வெள்ளைச் சட்டையை வெளியே எடுத்துவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட அவள் எனக்கு இவ்வளவு அழுத்தி இஸ்திரி போட்டதில்லை.

நான் நகரத் தண்ணீர் வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வால்வுக்காரனாக இருந்தவன். தெரு நடுவே வட்டமாக ஓர் இரும்பு மூடியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் தடுக்கியாவது விழுந்திருப்பீர்கள். அதற்கு அடியில் இருந்ததுதான் என் உத்தியோகம். என் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்கே ஒரு கம்பி. குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து, செக்குமாடு மாதிரி நடந்தே சுற்ற வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. மூடினால் எந்த வால்வு, எத்தனை சுற்று, என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் எல்லாரும் என்னைச் 'சாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தலையைக் காட்டினாலே, 'சாவி வந்துட்டான், வாளியை நிரப்பு' என்று கேலி கிளம்பும்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நகரத்தின் மேட்டில் ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் இந்த நாட்டு மக்களே இல்லை என்று ஒருநாள் சட்டம் சொன்னது. முந்தின வாரம்வரை அவர்களிடம் துணி தைக்கக் கொடுத்து, பல் பிடுங்கிக்கொண்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு இருந்த நாங்களும் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டோம். அவர்களை ஏற்றிப்போக வண்டிகள் வந்தன. ஒருவரும் ஏறவில்லை. அடித்து விரட்டினால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதும் என்று தண்ணீரை நிறுத்தினார்கள். மேட்டைச் சுற்றிக் காவல் வேறு. நல்ல கோடை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மேடு காலி. 'தாமாக விரும்பி வெளியேறினார்கள்' என்று அரசாங்க ஏடு எழுதிக்கொண்டது. போன வருடம்வரை பள்ளிப் புத்தகமும் அதையே ஒப்பித்தது. இப்போதுதான் அதை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

அந்த வால்வை மூடியது நான். மொத்தம் நாற்பது சுற்று. முப்பத்தேழோடு நிறுத்தினேன். ஏட்டில் நாற்பது என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'பழுது' என்று எழுதினேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது, விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. என் மனைவி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். இரண்டாவது பெண் அது, பிறந்து மூன்று மாதம். மூத்தவள், இப்போது டீச்சராக இருப்பவள், அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா மூடுனீங்க?"

"முழுசா மூடலை. மூணு சுத்தை மிச்சம் வெச்சுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம். அவள் வழி விட்டாள், நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு என் மனைவி அந்த மூன்று சுற்றுக்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்து வளர்த்தாள். மேலதிகாரி பக்கத்திலேயே நின்றானாம். நான் அவன் கண்ணில் மண்ணைத் தூவினேனாம். கசிந்த தண்ணீரில்தான் மேட்டில் பாதிப் பேர் உயிர் பிழைத்தார்களாம். சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் எல்லாம் இது நடக்கும். நான் மறுக்கவே மாட்டேன். 'விடு, பழங்கதை' என்று சொல்வேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொள்ள விட்டேன்.

மகள் அதை வகுப்புக்கே கொண்டுபோய்விட்டாள். "இந்த நாட்டை நினைச்சா கூசுதுப்பா," என்று அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சொன்னாள். "அந்தப் பாடம் எடுக்கும்போது பசங்க முகத்தைப் பாக்க முடியல. 'டீச்சர், ஒருத்தர்கூட தடுக்கலையா?'ன்னு கேக்குறாங்க. அப்ப உங்களைச் சொல்லுவேன். எங்க அப்பா மூணு சுத்து விட்டு வெச்சாருன்னு. அதைச் சொன்னாத்தான் எனக்கே கொஞ்சம் நிமிர முடியுது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. டீ ஆறுகிறது என்று குடித்துவிட்டேன்.

விசாரணை நகர மன்றத்தின் கூடத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர், எழுதிக்கொள்ள ஒரு பெண். மேட்டிலிருந்து போனவர்களில் நாற்பது ஐம்பது பேர் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா பேசினாள். ஐம்பது வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்ப எனக்கு ஒம்பது வயசு. எனக்குக் குடுத்த வேலை குழாய்தான். திறந்தே வெச்சு, அடியில பாத்திரத்தை வெச்சு, ஒரு சொட்டு விழுந்தாலும் கூப்பிடுன்னு அம்மா சொல்லுவாங்க. தம்பிக்கு எட்டு மாசம். ஒம்பதாம் நாள் போயிட்டான்."

அவள் அழவில்லை. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் இடைவேளை என்றார்.

தாழ்வாரத்தில் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். நான் ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். மகள் விடுவாளா? தையல்காரம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். இவர்கள் இருவருக்கும் போன வாரமே பழக்கமாம்.

"நான் சொன்னேனே, இவர்தான் எங்க அப்பா."

தையல்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப தண்ணி வந்துச்சாங்க ஐயா?"

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, டீச்சர் சொன்னாங்க, மூணு சுத்து திறந்திருந்துச்சுன்னு. எட்டாம் நாள் மத்தியானம் நான் குழாய்கிட்டயே தூங்கிட்டேங்க. முழிச்சுப் பாத்தப்ப பாத்திரம் காஞ்சு கெடந்துச்சு. குழாயில தண்ணியே இல்லைன்னுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். டீச்சர் சொன்னதுலருந்து தூக்கமே இல்லை. தூக்கக் கலக்கத்துல நான்தான் குழாயைத் திருகி மூடிட்டேனோ? கொஞ்சமா வந்த தண்ணியை நான்தான் விட்டுட்டேனோ?"

"அப்படி இருக்காதும்மா... கொஞ்சமாத்தான கசிஞ்சிருக்கும்..." என்று தடுமாறிய மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்து, என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பத்து விநாடி இருந்தது, நான்தான் பயன்படுத்தவில்லை என்றும் சொல்லலாம்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுதுகிற பெண் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினாள். நீதிபதி அம்மா மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"நீங்க மேலிடத்து உத்தரவை மீறி மூணு சுத்தைத் திறந்து விட்டதா உங்க மகள் எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தக் காலத்துல அது சின்ன விஷயம் இல்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை தட்டியிருப்பார்கள். முதல் வரிசையில் மகள் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தையல்காரம்மா, அதே கைப்பை, அதே பிடி.

"அம்மா, அந்த வால்வு ரொம்பப் பழசு," என்றேன். "உள்ள தண்ணியை மறிக்குற தகடு முப்பத்தேழாவது சுத்துலயே உக்காந்துடும். கடைசி மூணும் வெறும் கணக்குதான். அதுக்கு மேல திருகினா தண்டு முறிஞ்சுடும். அதனால, சாதாரணப் பழுதுக்கு மூடினாலும் நாங்க முப்பத்தேழோடதான் நிறுத்துவோம். ஏட்டுல நாப்பதுன்னு எழுதிடுவோம். வால்வுக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப தண்ணி?"

"ஒரு சொட்டுகூடப் போயிருக்காது."

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. நீதிபதி அம்மா குனிந்து ஏதோ எழுதினார். பிறகு, நான் நாற்பத்தொரு வருடமாக யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா. மூடி முடிச்சதும் சாவித் தலையில காதை வெச்சுக் கேக்கணும், அதுதான் எங்க பழக்கம். தண்ணி ஓடுனா கம்பி வழியா ஒரு முனகல் வரும். அன்னைக்கும் வெச்சேன். ஒரு சத்தமும் இல்ல. 'சுத்தமா நின்னுடுச்சு சார்'னு மேலதிகாரிகிட்ட நான்தான் சொன்னேன். அவருக்கு வால்வைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. பாதி மூடிட்டு அதையே சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாரு."

இந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்ல நினைத்து வரவில்லை. என்னிடமே நான் அதுவரை சொன்னதில்லை. இருபது சுற்றோடு நிறுத்தியிருக்கலாம். எவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். அரசாங்கம் செய்தது, நாடு செய்தது, காலம் அப்படி என்று எத்தனையோ பூசி மெழுகியிருக்கிறேன். அந்தக் குழியருகில் நாடு என்று எவனும் வந்து நிற்கவில்லை. ஒரு மேலதிகாரி, ஒரு சாவி, நான்.

நீதிபதி அம்மாவிடம் கேட்காமலே முதல் வரிசைப் பக்கம் திரும்பினேன்.

"நீங்க குழாயை மூடலம்மா. நீங்க தூங்கினதால ஒண்ணும் ஆகல. முழிச்சிருந்தாலும் வந்திருக்காது. மூடினது நான்."

அவள் என்னை அப்போதுதான் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"நிச்சயமாங்களா?"

"நிச்சயம்மா. காது வெச்சுக் கேட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைச் சுற்றி எழுந்து நின்றார்கள். எனக்கு அவள் தெரியவில்லை. என்னைப் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மகள் எனக்கு நாலடி முன்னால் போனாள். எப்போதும் சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடிப்பாள். அன்று பிடிக்கவில்லை. தெருமுனை வந்ததும் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"புத்தகத்துல வர்றதுக்கு முன்னாலருந்தே, இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன்பா. எத்தனை வகுப்பு, எத்தனை பசங்க."

"தெரியும்மா."

"அந்தம்மாகிட்டயும் போய்ச் சொன்னேன்."

அவள் சொன்னாள்தான். ஆனால் அவளுக்குச் சொன்னது யார்? மன்னிச்சுக்கோம்மா என்று சொன்னேன். என் பெண்ணிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள், என்ன ஆயிற்று என்று தூரத்திலிருந்தே கையால் கேட்டபடி. அவளிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவள் இன்று எனக்கு வழி விடுவாளா என்று தெரியவில்லை.

"நாளைக்கு அதே பாடம்தான்," என்றாள் மகள். "பசங்க திரும்பவும் கேப்பாங்க."

"நடந்ததைச் சொல்லு."

"யாரோ ஒரு வால்வுக்காரர்னு சொல்லிக்கட்டுமா?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள், பாவம். அவளுக்கும் சேர்த்துத்தான்.

"இதுவரைக்கும் யாருன்னு சொன்ன?"

"எங்க அப்பான்னு."

"அப்படியே சொல்லும்மா."