ஊறாத கல்

அந்தக் கல்லை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். வெளியே வழுவழுவென்று ஊறியிருந்தது. நடுவில் மட்டும் வெள்ளையாக, வேகாத அரிசி போல.

அது உண்மையில் கல் இல்லை, தண்ணீர் குடித்துப் பெருத்துப்போகிற ஒரு ஜெல். காய்ந்திருக்கும்போது கற்கண்டு மாதிரி இருப்பதால் வேலையாட்கள் நாங்கள் கல் என்போம். அதை ஊறவைத்து மண்ணோடு கலந்து கன்றின் வேருக்குக் கீழே போட்டால் கோடையிலும் ஈரம் நிற்குமாம். இறுப்பிட்டியில் ஒரு திட்டக் காணியில் நூறு மாதுளங்கன்று இப்படி நடவேண்டும். திட்ட அதிகாரிகள் தை மாதம் பார்வையிட வருகிறபோது எண்பது கன்று நின்றால், அந்தக் காணிக்கு என்னைக் காவலுக்கு வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் பிறர் காணி கொத்தியவன் நான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. உட்கார்ந்து செய்கிற வேலை இதை விட்டால் இனி எனக்கு வராது.

மேற்பார்வைக்கு நின்ற றஜீபனிடம் கல்லைக் கொண்டுபோனேன்.

"தம்பி, இது உள்ளுக்கு ஊறேல்லை."

"அரை மணித்தியாலம் தண்ணிக்குள்ள போட்டனீங்கள்தானே அண்ணை?"

"போட்டனாங்கள்."

"அப்ப சரி. செய்முறைத் தாளில அப்பிடித்தான் கிடக்கு."

"அந்தத் தாள் போன வருசச் சாமானுக்கு. அது பொரி மாதிரி, முழுக்க ஓட்டை. தண்ணி எல்லாப் பக்கத்தாலும் உடன உள்ளுக்குப் போச்சு. இது இறுகின சாமான். தண்ணி வெளியில இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். நேற்று வீட்டில போட்டுப் பாத்தனான், நாலு மணித்தியாலம் பிடிச்சது. உடைச்சுப் போட்டது ஒரு மணித்தியாலத்தில ஊறீட்டுது."

"ரெண்டும் ஒரே சாமான் அண்ணை. பையில பேரும் ஒண்டுதான்."

என்னோடு குழி வெட்டுகிற கோசலா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "பொரியும் அரிசியும் ஒரே நெல்லுத்தான் தம்பி. ஒரு பிடி அரிசியை வாயில போட்டுச் சப்பிப் பாருமன்."

றஜீபன் சிரித்தான். "அக்காவுக்குப் பகிடி. இண்டைக்கு நூறும் முடியவேணும்."

"உடைச்செண்டாலும் போடுவம்," என்றேன்.

"உடைக்கச் சொல்லித் தாளில இல்லை."

நட்டோம். மூன்றாம் நாள் மழை கொட்டியது. அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால், பாணுக்குக் குழைத்த மா பொங்கினது போலக் குழிகள் பொங்கிக் கிடந்தன. மண்ணுக்குள் இருந்தபடியே கல் மிச்சத் தண்ணீரைக் குடித்துப் பெருத்து, கன்றுகளை மேலே தள்ளியிருந்தது. நானும் கோசலாவும் திருப்பி நட்டோம். நட்டு முடிக்கிறதுக்கு முன்னமே வெளியே வந்த வேர்கள் வெயிலில் காய்ந்துவிட்டன. முப்பத்தெட்டுக் கன்று பட்டுப்போயிற்று.

றஜீபன் எழுதிய அறிக்கையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'குழிகளின் ஆழம் போதாமை' என்று இருந்தது. குழி வெட்டியவன் நான்.

தை மாதம் ஜெகதீஸ் என்ற பெரிய அதிகாரி வந்தார். நான் ஆயத்தமாக இருந்தேன். அடியில் துளை போட்ட இரண்டு வெட்டுப் போத்தல்கள். ஒன்றில் அரை மணித்தியாலம் ஊறிய கல், மற்றதில் விடியமுதலே ஊறப்போட்ட கல். இரண்டுக்கும் மேலே விளிம்பு வரை மண். அவர் கண்முன்னே இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் வைத்தேன்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நாலு மணித்தியாலம் ஐயா."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து மணிக்கு எனக்கு நயினாதீவுப் படகு. இப்ப ஒண்டும் தெரியேல்லையே."

"இப்ப தெரியாது. அதுதான் ஐயா பிரச்சினையே."

அவர் போய்விட்டார். நான் வாளியைச் சைக்கிள் கைபிடியில் கொழுவி, தண்ணீர் சிந்தாமல், படகு புறப்படுகிற குறிகட்டுவான் வரை உருட்டிக்கொண்டு போனேன். அவர் திரும்பி வரும்வரை இறங்குதுறையில் குந்தியிருந்தேன். படகுக்கு வந்த சனம் வாளிக்குள் எட்டிப் பார்த்து, மீன் என்ன விலை என்று கேட்டது.

இரண்டரைக்கு அவர் படகால் இறங்கினார். றஜீபனும் வாகனத்தோடு வந்து நின்றான். அரை மணித்தியாலக் கல் இருந்த போத்தலில் மண் நாலு விரல் எழும்பி வெளியே கொட்டியிருந்தது. மற்றதில் மண் வைத்தபடி.

அவர் குனிந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். "நீர் சொன்னது சரிதான் அப்புத்துரை. குழியில பிழையில்லை. அந்தத் தாளைத் திருத்தச் சொல்லுறன்."

"அப்ப காவல் வேலை ஐயா?"

"எண்பது நிக்கவேணும் எண்டதுதானே பேச்சு. அறுபத்திரண்டுதான் நிக்குது. ஏன் பட்டது எண்டு எழுத அந்தப் படிவத்தில இடமில்லை."

"திருப்பி நடலாம்தானே?"

"இந்த வருசக் கணக்கு முடிஞ்சுது. அடுத்த வருசம் திட்டம் வேற ஊருக்குப் போகுது." வாகனத்தில் ஏறி, கதவைச் சாத்தினார்.

றஜீபன் கைபேசியை எடுத்தான். "அண்ணை, வாளியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ. படம் எடுத்துத் தாளைத் திருத்தேக்க போடுவம்."

"ஏலாது தம்பி," என்றேன். "நீரே பிடியும்."

வாளியை அவன் காலடியில் வைத்தேன். தண்ணீர் அலம்பி அவன் சப்பாத்தில் ஊற்றியது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.