எழும்பேலாத வேலை

"அந்த வயரில கால் படாமல் தூக்குங்கோ," என்றாள் விமலேஸ்வரி. "பிள்ளையின்ர வேலை நிண்டு போயிடும்."

செல்வநாயகத்தைக் கட்டிலோடு முற்றத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட நாலு பேர் பிடித்திருந்தார்கள். புருசன் செத்த வீட்டில் ஒருத்தி வயரைப் பற்றிக் கதைக்கிறாளே என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. வட்டக்கச்சியில் அந்த ஒழுங்கைக்கே தெரிந்த சட்டம் அது. பக்கத்து வீட்டு வீரையா குனிந்து, ஹோல் சுவரிலிருந்து அறைக்குள் போகிற வயரை இரண்டு கையாலும் எடுத்துப் பக்குவமாகச் சுவரோரம் ஒதுக்கினார். அதன் பிறகுதான் கட்டில் நகர்ந்தது.

அறை வாசலில் நின்ற மகள் கஜனிக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த வயரைப் பிடுங்கி எறிந்தாலும் ஒன்றும் நின்றுபோகாது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மடிக்கணினியின் கறுப்புத் திரையை நாலு கட்டமாகப் பிரித்து வைத்திருப்பாள். ஒரு கட்டத்தில் கோப்புகள் பிரதியாகும், இன்னொன்றில் பிழைகள் வரிவரியாக விழும். நாலையும் கட்டி மேய்ப்பது டீமக்ஸ் என்ற ஒரு நிரல். அதன் பெருமையே ஆள் எழும்பிப் போகலாம் என்பதுதான். கன்ட்ரோலும் பீயும் சேர்த்து ஒரு அமுக்கு, பிறகு டீ. திரை கழன்றுவிடும்; வேலை அங்கே சேர்வரில் தன்பாட்டில் ஓடும். உழவு மிசினை நிறுத்தாமல் வரம்போரம் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற மாதிரி. திரும்பி வந்து இணைந்தால் எல்லாம் அப்படியே நடந்துகொண்டிருக்கும். மடிக்கணினியை மூடிவைத்தாலும் அதற்குக் கவலையில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். பாரிசவாதம் வந்து அப்பா ஹோலில் படுக்கையில் விழுந்த புதிதில், ஒருநாள் மூத்திரம் போகிற சலப் போத்தலைக் கேட்டுக் கை காட்டினார். கஜனிக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற தகப்பனின் சாரத்தை விலக்கிப் போத்தலைப் பிடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாய்க்குக் கேட்கும்படி சொன்னாள்: "அம்மா, நீங்கள் வாங்கோ. எனக்கு எழும்பேலாது. எழும்பினா எல்லாம் நிண்டிடும்."

வாயில் வந்த முதல் பொய் அது. பொய்யை ஒருமுறை பெற்றுப் போட்டால் போதும், பிறகு அது தன் காலிலேயே நடந்து திரியும்.

விமலேஸ்வரி நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? கரண்ட் விழுந்தால் பிள்ளையின் வேலை போய்விடும் என்று பகலில் தண்ணி மோட்டர் போடுவதையே நிறுத்தினாள். புருசனின் மூத்திரத் துணி அவ்வளவையும் கிணற்றில் வாளியால் அள்ளி அள்ளித்தான் தோய்த்தாள். அப்பா நாக்குக் குழறிக் கூப்பிட்டுக் கஷ்டப்பட வேண்டாமென்று ஒரு எவர்சில்வர் பேணியும் கரண்டியும் கையெட்டும் இடத்தில் வைத்தாள். "மெல்லத் தட்டுங்கோ," என்றாள், "அவள் பாவம், எழும்பேலாது." அவரும் மெல்லத்தான் தட்டினார்.

நேற்று வயலில் நெல் அருவிவெட்டு. விமலேஸ்வரி அங்கே போயிருந்த நேரம் பேணிச் சத்தம் கேட்டது.

"வாறன் அப்பா," என்றாள் கஜனி.

கோப்பொன்று பிரதியாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. இன்னொருமுறை தட்டினார். போத்தலாக்கும், அம்மா வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டாள். பிறகு சத்தம் இல்லை. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தாள். அப்படி நினைக்க வசதியாக இருந்தது. அம்மா வயலால் வந்து பார்க்கும்போது பேணி கட்டிலுக்குக் கீழே காய்ந்து கிடந்தது. அப்பாவின் கை தண்ணிச் செம்பு இருந்த பக்கம் நீண்டிருந்தது. அவர் கேட்டது போத்தல் இல்லை.

குளிப்பாட்டு முடியும் நேரம், உடுத்துவதற்கு வேட்டி எடுக்க விமலேஸ்வரி அறைக்குள் வந்தாள். அலுமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றாள். மேசைக்கு முன்னால் கதிரை வெறுமையாக இருந்தது. நாலு கட்டத்திலும் வெள்ளை எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்தன.

"இது ஓடுது," என்றாள்.

"ஓம் அம்மா."

"நேற்றுத் தொட்டு நீ இதில வந்து இருக்கேல்லை."

கஜனி வெறுங்கதிரையைப் பார்த்தாள்.

"அப்ப ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அது தன்பாட்டில ஓடும்."

"முந்தியும் இப்பிடித்தானோ?"

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. இந்த முறை வாயில் ஒன்றும் வரவில்லை. "ஓம்," என்றாள் கஜனி. "எழும்பியிருக்கலாம் அம்மா. எப்பவும் எழும்பியிருக்கலாம்."

அம்மா ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால், காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். விமலேஸ்வரி வேட்டியின் மடிப்பை ஒருதரம் நீவினாள். போகும்போது பழக்க தோசத்தில் வயரை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

ஐயர் பெண்களை வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். செல்வநாயகத்தின் தமக்கை, விசுவமடுவிலிருந்து வந்த மாமி, அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"விமலேசு, தம்பிக்குக் கடைசியாத் தண்ணி விட்டது ஆர்?"

செத்தவீட்டில் கேட்கிற கேள்விதான். போகிற உயிருக்கு ஒரு சொட்டாவது யார் கையால் போனது என்று கூடப்பிறந்தவளுக்குத் தெரிய வேண்டும். கஜனியின் உள்ளங்கையில் அரிசி வியர்வையோடு ஒட்டியது. சொல்லட்டும், இத்தனை பேருக்கு முன்னாலும் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"கஜனிதான் மச்சாள்," என்றாள் விமலேஸ்வரி. "அவர் கேட்ட உடன எழும்பிப் போய்க் குடுத்தவள்."

"அந்த வேலையையும் விட்டிட்டோ?"

"ஓம். விட்டிட்டுத்தான்."

மாமி கஜனியின் தலையைத் தடவினாள். "புண்ணியம் செய்த பிள்ளை. என்ர தம்பி தாகத்தோட போகேல்லை," என்று சொல்லி அழுதாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். பொன் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு காகம் என்ன செய்யும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கஜனி தாயைப் பார்த்தாள். தாய் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. கஜனி அவற்றின் மேல் அரிசியைப் போட்டாள். மாமியின் கை இன்னும் தலையில் இருந்ததால் அவளுக்கு நிமிரவும் முடியவில்லை.

பெட்டியோடு ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். பெண்கள் படலையடியில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். வீடு கழுவ வேண்டும். கிணற்றடியில் மாமி வாளியை எடுத்தாள்.

"விடுங்கோ மச்சாள்." விமலேஸ்வரி வாளியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். கொட்டிலுக்குள் போய் மோட்டர் சுவிச்சைப் போட்டாள்.

பட்டப்பகலில் அந்த வளவில் மோட்டர் இரைந்து எவ்வளவோ காலம். ஹோலில் எரிந்த லைட் ஒருமுறை மங்கி, திரும்பவும் தெளிந்தது. அறைக்குள் எழுத்துகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

"பிள்ளை, இஞ்ச வா," என்று மாமி கஜனியிடம் செம்பைக் கொடுத்தாள். "கட்டில் கிடந்த இடத்தில விளக்கும் தண்ணியும் வைக்கவேணும். நீதான் தண்ணி குடுத்தனீ, இதையும் உன்ர கையால வை."

கஜனி செம்பைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். செம்பு நிறைந்தது. வழிந்து கை நனைந்தது, பாவாடை நனைந்தது, காலடியில் சேறாகியது. அவள் செம்பை எடுக்கவில்லை. அம்மாவும் மோட்டரை நிறுத்தவில்லை.