தெரெந்தி இவானொவிச் தயாராகிறார்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பத்திரிகை ஆசிரியர். "நீங்கதான் சைபீரியாவுல, யாகூத்ஸ்க்லயே குடியிருக்கீங்களே, ஒரு வீரமான கார்ப் பயணம் எழுதுங்க. பனி, இருட்டு, தனிமை. ஓநாய் இருந்தா ரொம்ப நல்லது" என்றார். ஒப்புக்கொண்டேன். நாயகனைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, சூடேற்றிய கராஜில், டிசம்பரிலிருந்து ஒருவர் நெடும்பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் புறப்படட்டும், நானும் பின்னாலேயே எழுதிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தேன்.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் பாதி போயிற்று. அதுவரை நான் எழுதியவை இவை:

உறைந்த நதியின் மேல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஜீப் சீறிப் பாய்ந்த

(ஜீப் கராஜை விட்டே வரவில்லை.)

தூரத்தில் ஓநாய் ஒன்று

(ஆசிரியருக்காகப் போட்டது. எங்கள் தெருவில் மூன்று நாய்கள் இருக்கின்றன. மூன்றும் கராஜுக்குப் போகும் வெந்நீர்க் குழாயின் மேல் படுத்துத் தூங்குகின்றன.)

தெரெந்தி இவானொவிச் ஜீப் ஜன்னலின் இரண்டாவது கண்ணாடியைத் துடைத்தார்.

இது உண்மை. இங்கிருந்தே தொடங்கலாம்.

2

தெரெந்தி இவானொவிச் தொழில்நுட்பக் கல்லூரியின் துணை முதல்வர். வருடாவருடம் முதல் பனி விழுந்ததும் உள்ளூர் வானொலியில் 'குளிர்காலப் பயணப் பண்பாடு' பற்றிப் பேசுபவர். 'பண்பாடு' என்ற சொல்லை அவர் உச்சரித்தால் எதிரில் இருப்பவர் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்.

அவருடைய ஜீப்பைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. என்ஜினுக்குக் கம்பளிப் போர்வை, ரேடியேட்டருக்கு முன்னால் அளவாக வெட்டிய அட்டை. கூடாரம், கூடாரத்துக்குள் வைக்க அடுப்பு, அடுப்பு அணைந்தால் பற்றவைக்கத் தீயைப் பீய்ச்சும் ஊதுவிளக்கு, ஊதுவிளக்கு உறைந்தால் அதைச் சூடேற்ற இன்னொரு ஊதுவிளக்கு. இரண்டாவது உறைந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி அவர் இந்தக் குளிர்காலம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

போக வேண்டிய இடம் மகள் குன்னேயின் வீடு. வடக்கே, நதி உறைந்து அதன் மேல் பனிச்சாலை போட்டால் மட்டும் கார் போகக்கூடிய ஊர். இலையுதிர்காலத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்தது, பெண். ஏப்ரலில் ஐஸ் இளகிவிட்டால் சாலையே கிடையாது. அதற்குள் பேத்தியைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். தெரெந்தியின் மனைவி துயாராவுக்கு இந்த வருடம் வேறு ஆசை எதுவும் இல்லை.

விமானம் உண்டு. ஆனால் குளிர்காலப் பயணப் பண்பாட்டின் மனைவி விமானத்தில் போய் இறங்கினால் ஊர் என்ன பேசும்?

"கிழவா, நாளைக்குக் கிளம்பலாமா?"

"நாளைக்கா! பின்பக்கம் இரண்டாவது கண்ணாடி ஒட்டலையே."

"போன வாரம்தானே ஒட்டின?"

"ஓரத்துல இடைவெளி இருக்கு கிழவி. ஊசி மாதிரி குளிர் இறங்கும்."

"இறங்கட்டும், நான் துணியை வச்சு அடைச்சுக்கறேன்."

"இப்படிப் பேசறவங்கதான் முதல்ல உறைஞ்சு போறாங்க" என்றார், வானொலிக் குரலில்.

துயாராவின் பை டிசம்பரிலிருந்தே ஜீப்பில்தான் இருந்தது. குழந்தைக்குப் பின்னிய முயல்ரோமத் தொப்பி அதில் மேலாக இருந்தது. இந்த வேகத்தில் போனால் அது குழந்தைக்குச் சின்னதாகிவிடும் என்று மட்டும் அவளுக்குக் கவலை.

3

(இங்கே ஒரு சந்தேகம். தெரெந்தியைக் கோழை என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் கோழை இல்லை. நதியில் விழுந்த ஒரு மாணவனைக் குதித்துத் தூக்கியிருக்கிறார். அதைப் பற்றி மட்டும் வானொலியில் பேசியதே இல்லை. எனவே வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.)

காரணம் மருமகன்.

எர்கான் பனிச்சாலையில் லாரி ஓட்டுபவன். பெண் கேட்க வந்த அன்று, தெரெந்தி அவனைச் சாப்பாட்டுக்கு முன்னால் கராஜுக்கு அழைத்துப் போனார். மற்ற மாமனார்கள் குடும்பப் புகைப்படம் காட்டுவார்கள், இவர் ஊதுவிளக்கு காட்டினார். எர்கான் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தான். திரும்பி வந்து மேஜையில் எல்லோர் முன்னாலும், வஞ்சகமே இல்லாமல், கேட்டான்:

"பிரமாதம் மாமா. இவ்வளவையும் ஏத்திக்கிட்டு இதுவரைக்கும் எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

தெரெந்தி கரண்டியை மேஜையில் வைத்தார்.

"அக்கரைக்கு" என்றார். "மீன் பிடிக்க."

மேஜையே சிரித்தது.*

அன்றிலிருந்து மாமனார் மருமகனோடு பேசுவதில்லை. கல்யாணத்தன்று அவருக்குக் கல்லூரியில் முக்கியமான கூட்டம் இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது.

* துயாராவும் சிரித்தாள். அவர் மன்னிக்காதது மருமகனை அல்ல, இந்தச் சிரிப்பைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. துயாராவிடம் கேட்டேன். "இதை எழுதாத" என்றாள்.

4

பிப்ரவரிக் கடைசியில் தெரெந்தி தானே ஒரு தேதி சொன்னார். ஆனால் அது புறப்படும் தேதி இல்லை, வழியனுப்பு விழாவின் தேதி. முதல்வர் பேசுவார், மாணவர்கள் கொடி பிடிப்பார்கள், கல்லூரி இதழில் படம் வரும். விழாவே சொதப்பினால் பயணம் என்ன ஆகும்? ஆகவே விழாவுக்கு ஓர் ஒத்திகை வைத்தார்.

நாயகனுடைய கதை இங்கேதான் என் கையை விட்டு நழுவியது.

கல்லூரி வாசலில் ஒரு லார்ச் மரம் உண்டு. ஒத்திகை நாளன்று மத்தியானம், மைனஸ் நாற்பத்தைந்து டிகிரிக் குளிரில், ஜீப் அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக வெளியே வந்து மரத்தடியில் உறுமிக்கொண்டு நின்றது. என்ஜினை யாரும் அணைக்கவில்லை. எங்கள் ஊரில் அணைத்தால் வசந்தத்தில்தான் மறுபடி கிளம்பும். முதல்வர் வந்தார். பக்கத்து வீட்டு கவ்ரீலும் வந்தார். பனிச்சாலையில் ஒற்றைக் காராக யாரும் போவதில்லை, துணைக்கு இரண்டாவது கார் அவருடையது என்று ஏற்பாடு. அன்று அந்தக் காரின் என்ஜின் பட்டறை மேஜையில் பிரித்துக் கிடந்தது. ஒத்திகைதானே என்று நடந்தே வந்திருந்தார்.

துயாரா சூடாக அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். தெரெந்தி வெள்ளிப் பொத்தான் வைத்த மேலங்கியைத் திறந்து விட்டுக்கொண்டு, மரத்தடியில் மூட்டிய சிறு நெருப்பின் முன் மண்டியிட்டார். புறப்படுபவர்கள் சாலைக்குக் காணிக்கை கொடுக்கும் வழக்கப்படி, குதிரை முடியைக் கிளையில் கட்டினார். அப்பத்தைப் பிட்டு நெருப்புக்குக் கொடுத்தார். பிறகு, அடிவயிற்றிலிருந்து, சாலையின் தெய்வத்தை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழி கேட்டார். அருமையான குரல். மரத்திலிருந்து கொஞ்சம் பனிகூட உதிர்ந்தது.

"சார்" என்றாள் படம் எடுக்க வந்த வால்யா, "லென்ஸ்ல மூச்சு படிஞ்சிடுச்சு. மறுபடியும் ஒரு தடவை ஊட்டறீங்களா?"

அவர் மறுபடியும் ஊட்டினார். மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை இன்னும் நன்றாக.

எழுந்து, முழங்கால் பனியைத் தட்டிவிட்டு, எல்லோரையும் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை.

"என்ன தெரெந்தி" என்றார் கவ்ரீல், மெதுவாக. "ஊட்டிட்ட."

"ஒத்திகைப்பா."

"அப்பம் நிஜ அப்பமா?"

"நிஜம்தான்."

"வெண்ணெய்?"

"...அதுவும்தான்."

"கூப்பிட்டது நிஜப் பெயரைச் சொல்லியா?"

தெரெந்தி கிளையில் கட்டிய குதிரை முடியை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ ஒத்திகைன்னு சாலைகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர், எல்லாவற்றிலும் இரண்டு பக்கம் பார்ப்பவர். "அறிவியல்படி பார்த்தா இதுல ஒண்ணும் இல்லை, தெரெந்தி இவானொவிச். ஒண்ணுமே இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ரெண்டு தடவை வேற ஊட்டியிருக்கீங்க."

சாலைக்கு ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போவது, விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது போல. எங்கள் ஊரில் அப்படிச் செய்தவர் யாரும் இல்லை. சந்தேகவாதியான நான்கூடச் செய்ததில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று வானொலியில் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் தெரெந்தி இவானொவிச்.

ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. துயாரா ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிழவி! பை?"

"உள்ளதான் இருக்கு."

"சாப்பாடு?"

"உறைஞ்ச இறைச்சி பின்னால மூட்டையா இருக்கு, நீயே கட்டினது. வா, சாலை காத்துக்கிட்டிருக்கு."

(அப்பத்தை ஏன் நிஜமாகச் சுட்டாள்? ஒத்திகைக்கு நேற்றைய ரொட்டி போதாதா? ஒரு பத்தி முழுக்க எழுதிப் பார்த்தேன்: துயாரா திட்டமிட்டே நெருப்பை மூட்டி, திட்டமிட்டே வால்யாவிடம்... இல்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எழுத்தாளர்களுக்குத்தான் தேவைப்படும். எடுத்துவிட்டேன்.)

5

ஊரைத் தாண்டி, ஆற்றங்கரையோரமாக வடக்கே திரும்பினார்கள். தெரெந்தி நன்றாகவே ஓட்டினார். பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து குளிர் ஊசி மாதிரி இறங்கியது. அவர் சொன்னது சரிதான். துயாரா துணியை வைத்து அடைத்தாள். அவள் சொன்னதும் சரிதான்.

ஒரு மேட்டுக்கு அருகில் அவள், "நிறுத்து" என்றாள். நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மேட்டைத் தாண்டினா பனிச்சாலை ஆரம்பிக்கிற வரைக்கும் போன் சிக்னல் கிடையாது."

"தெரியும்."

"கவ்ரீல் கார் இல்லை. ஒத்தைக் காரா ஐஸ்ல இறங்கக் கூடாது."

"எனக்கே சொல்றியா?"

"சாலைக்கு ஊட்டினப்புறம் திரும்பவும் முடியாது."

தெரெந்தி முன்கண்ணாடியையே பார்த்தார்.

"பனிச்சாலை ஆரம்பிக்கிற இடத்துல சாப்பாட்டுக்கடை இருக்குல்ல" என்றாள் துயாரா. "எர்கான் அங்கதான் இருக்கான். சரக்கு ஏத்திக்கிட்டு அவங்க ஊருக்குத் திரும்பறான். குன்னேய் காலைல சொன்னா. சாப்பிட்டு முடிச்சதும் கிளம்பிடுவான். இருடான்னு ஒரு வார்த்தை சொன்னா இருப்பான்."

போனை நீட்டினாள்.

"நீயே பேசு" என்றார் தெரெந்தி.

"நான் பேசினா எனக்காக இருப்பான். அது உனக்கு இன்னும் கேவலம் இல்லையா, கிழவா?"

6

முடிவுகள் என்னிடம் பல இருக்கின்றன.

ஆசிரியருடைய முடிவு: மேட்டின் மேல் ஓநாய். (அனுப்பிவிட்டால் பணம் வரும்.)

தெரெந்தியின் முடிவு: சாப்பாட்டுக்கடைக்கு அப்பால் எர்கானின் லாரி உறைந்து நிற்கிறது. மாமனார் வருகிறார். கூடாரம், அடுப்பு, முதல் ஊதுவிளக்கு, அது உறைய, இரண்டாவது ஊதுவிளக்கு! மருமகன் கண்கலங்கி... (இந்த முடிவை அவர் டிசம்பரிலிருந்தே மனதுக்குள் ஒத்திகை பார்த்துவருகிறார் என்று நினைக்கிறேன். எர்கானின் லாரிக்கு எந்தக் கோளாறும் இல்லை.)

துயாராவிடம் கேட்டேன். "குழந்தை என் மடியில இருக்கணும். நடுவுல என்ன வேணா எழுதிக்கோ" என்றாள்.

அந்த நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தெரெந்தியை எண் அழுத்த வைக்க முடிந்தது, அதற்கே நான்கு தாள் கிழிந்தது. மணி அடித்தது. எடுத்தாயிற்று. பின்னணியில் தட்டுச் சத்தம், யாரோ உரக்கச் சிரிக்கும் சத்தம்.

"ஹலோ? யாரு?" என்கிறான் எர்கான். பிறகு குரல் மாறி, "...மாமாவா?"

என்ன சொல்வார்? "எர்கான், குளிர்காலப் பயணப் பண்பாட்டின்படி இரண்டு கார்கள்" என்று எழுதினேன். துயாரா வெளியே பார்க்கத் திரும்பிவிட்டாள், அந்த வரியை அடித்துவிட்டேன். "மன்னிச்சுக்கோ" என்று எழுதினேன். தெரெந்தி சொல்ல மறுத்துவிட்டார். அந்த வார்த்தையை அவர் வாயில் வைப்பதற்கு எனக்கும் உரிமை இல்லை. "எங்க இருக்க, சாப்பிட்டியா?" என்று எழுதினேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் அவர் மூச்சை இழுத்ததோடு சரி. ஜீப் உறுமுகிறது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி அவர் மூச்சு கண்ணாடியில் படிகிறது.

உங்களில் ஒருவருக்காவது மருமகன் இருப்பான். பேசாமல் விட்டுவைத்த ஆள் ஒருவராவது எல்லோருக்கும் இருப்பார். நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன், அந்தப் பக்கத்தில் அவன் இன்னும் வைக்கவில்லை.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இந்தக் குளிரில் போன் பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது.