சாய்த்து நிறுத்திய பைக்

பிணத்துக்குப் பூச வாங்கி வைத்திருந்த பவுடர் டின்னைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தாரணி கார்பார்க் பக்கம் நடந்தாள். பார்த்தது நான்காம் மாடி கமலா ஆன்டி மட்டும்தான். அது போதும். சிங்கப்பூர் பிடோக்கின் அந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றால்கூட, பழுது பார்க்கிறவர்களுக்கு முன்னால் கமலா ஆன்டிக்குத் தெரிந்துவிடும். தாரணி பைக்கை எட்டுவதற்குள், கீழ்த்தளத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி அவள் பக்கம் திரும்பிவிட்டன.

பெட்டிக்குள் அவள் அப்பா சுந்தரேசன் இஸ்திரி போட்ட சட்டையோடு படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அந்தச் சட்டை பீரோவைவிட்டு இறங்கியதில்லை. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இரவு வேலை பார்த்தவர். கிளம்பும்போது கழுத்தைச் சுற்றி அவர் கொட்டிக்கொள்ளும் பவுடரின் வாசனை, அவர் இறங்கிப் போன பிறகும் லிஃப்டுக்குள் வெகுநேரம் நிற்கும். கடைசிப் பயணத்துக்கும் அது இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு வாங்கி வைத்த டின் அது.

முந்தாநாள் காலை வேலை முடிந்து வரும் வழியில் பைக் புகை கக்கி நின்றுபோனது. மேட்டுச் சாலை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார். கார்பார்க் வாசலில் பைக்கை நிறுத்தினார், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார், சாய்ந்தார். இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பைக் என்று அங்கமுத்து சொன்னார்.

அங்கமுத்து, தாரணியின் அம்மா பஞ்சவர்ணத்துக்கு அண்ணன். வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் நேற்றிலிருந்து எஞ்சின் எண்ணெயைப் பற்றி அவர் அளவுக்குப் பேசியவர் சிங்கப்பூரிலேயே இருக்க முடியாது. வந்த ஒவ்வொருவரிடமும் பெட்டியைக் காட்டிவிட்டு, அடுத்ததாக பைக்கைக் காட்டினார்.

"லீக் ஆகற பழைய பைக்குன்னு தெரிஞ்சே அப்பனுக்கு வாங்கிக் குடுத்தா. சரி, ஒர்க்‌ஷாப்ல விட்டாளா? கிளினிக்ல கணக்கு எழுதற பொண்ணு, யூடியூப் பாத்துட்டு தானே பிரிச்சா. எண்ணெய் மாத்துனது போன ஞாயித்துக்கெழம. ஒரு வாரம் தாங்கல லா."

இதையெல்லாம் தாரணி பொறுத்துக்கொண்டாள். இன்று காலை, காப்பி வருவதற்கு முன்னால், அவர் அம்மாவிடம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"கொடத்தை என் மகன் திலீப்பே தூக்கட்டும், பஞ்சு. அப்பனைக் கொன்ன கையில கொடம் எதுக்கு?"

தாரணி ஒரே பிள்ளை. அம்மா வாயைத் திறப்பாள் என்று பார்த்தாள். பஞ்சவர்ணம் புடவை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவ்வளவுதான்.

பைக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள் தாரணி. அவளை அங்கே கொண்டுவந்தது பாதி கோபம். மீதியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றும்போது அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். அந்த போல்ட்டுக்கு ஒரு செம்பு வாஷர் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். அவள் பழையதையே திருப்பிப் போட்டு முறுக்கியிருந்தாள். இரண்டு இரவுகளாகக் கண்ணை மூடினால் அந்த வாஷர்தான் வந்தது. மாமா சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்?

எஞ்சின் முழுக்கக் கறுப்பாக நனைந்திருந்தது. அது எதையும் சொல்லாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும். ஈரம் இருக்கிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. அவள் முன்கூட்டியே மாடியில் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த துணியும் கிளீனர் ஸ்பிரேயுமாக எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தாள். வெள்ளைச் சுடிதாரில் முழங்கால்வரை கறை ஏறியது.

அப்துல் அலீம் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவோடு சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், அடுத்த புளோக்கில் இருப்பவர். ஆம்புலன்ஸ் போன பிறகு பைக்கைத் தள்ளி இந்த இடத்தில் நிறுத்தியதும் அவர்தான்.

"என்னம்மா, இப்பவா?"

"இப்பத்தான் அங்கிள். கொடம் தூக்கறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவர் கைப்பேசியின் வெளிச்சத்தை எஞ்சினுக்கு அடியில் பிடித்தார்.

துடைத்துக் காயவைத்த எஞ்சின்மீது தாரணி பவுடரைத் தூவினாள். எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து கறுத்துக் காட்டிக்கொடுக்கும். மேல் மூடி, பக்க மூடி, அடி போல்ட், அதைச் சுற்றி எல்லாம். டின் காலியாகும்வரை தட்டினாள். கறுத்த இரும்பு வெளுத்துக் கழுத்தும் தோளுமாக ஓர் ஆளைப் போலத் தெரிந்தது. வாசனை அதேதான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். எண்ணெயில் ஊறிக் கிடந்தது. துடைத்து மாட்டி, கிக்கரை உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். யாரையோ உதைப்பதுபோலத்தான் இருந்தது என்று கமலா ஆன்டி பிற்பாடு சொன்னார், அதில் தப்பில்லை.

எஞ்சின் பிடித்தது. நீலப் புகை கீழ்த்தளத்துக்குள் புகுந்து, ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பதிகத்தையும் ஊதுவத்தியையும் ஒருசேர அமுக்கியது. அங்கமுத்து இருமிக்கொண்டே ஓடிவந்தார்.

"பொணம் கெடக்குது, நீ இங்க வண்டி ஓட்டிக் காட்டறியா?"

"தள்ளி நில்லுங்க மாமா. புகை உங்களுக்கு ஆகாது."

"அப்பனுக்கு வாங்குன பவுடரை எடுத்து…"

"அப்பாவோட வண்டிக்குத்தான போட்டேன்."

அவர் திரும்பிப் போய், நடந்ததைக் கொஞ்சம் கூட்டி எல்லோருக்கும் சொன்னார். தாரணி தரையில் கன்னம் படுமளவு குனிந்து அடி போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. எஞ்சின் சூடேறியது. அப்போதும் வெள்ளை. விரலால் தொட்டாள். காய்ந்த மாவுபோல ஒட்டியது. பைக் வாங்கியபோது உண்மையிலேயே கசிந்துகொண்டிருந்த மேல் மூடியைப் பார்த்தாள். கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை அவள் மாற்றிய இடம். அதுவும் காய்ந்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

"தாரணி, இங்க பாரு" என்றார் அலீம்.

சொட்டு விழுந்தது எஞ்சினிலிருந்தே இல்லை. அதற்குப் பின்னால், காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியிலிருந்து தொங்கும் சின்ன ரப்பர் குழாயிலிருந்து. எண்ணெய்க்கு அங்கே வேலையே கிடையாது. அவள் எஞ்சினை அணைத்தாள். சாய்ந்து நின்ற பைக்கை இழுத்து சென்டர் ஸ்டாண்டில் நேராக ஏற்றினாள். எண்ணெய் இறங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அளவு குச்சியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்தாள்.

குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். நடுவில் நிற்கும்படிதான் அவள் ஊற்றியிருந்தாள். இப்போது மேல்கோட்டைத் தாண்டிக் குச்சி பாதிவரை நனைந்திருந்தது.

"யாரோ ஊத்தியிருக்காங்க."

"கூட இருந்தா நல்லதுதானம்மா?"

"இல்ல அங்கிள். அளவுக்கு மேல போனா உள்ள இடம் இருக்காது. காத்து போற குழாய் வழியா மேல தள்ளும். ஃபில்டருக்குப் போகும், அங்கருந்து பிளக்குக்குப் போகும். புகையும். நின்னுடும்."

சொல்லும்போதே அவள் கண் பின்பெட்டிக்குப் போனது. திறந்தாள். மழைக்கோட்டு, சாப்பாட்டு டப்பா, அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தாள். சமையலறை சிங்க்குக்குக் கீழே அவள் வைத்திருந்த எண்ணெய்ப் பாட்டில். பாதி மிச்சம் வைத்திருந்தாள், காலியாக இருந்தது. கூடவே தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை வெட்டிச் செய்த புனல். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி லைட்டரால் சுட்டு உருட்டியிருந்தது. அந்த வீட்டில் அப்படிச் செய்கிற ஆள் ஒருவர்தான்.

முதுகுவலிக்குப் பிறகு சுந்தரேசன் சென்டர் ஸ்டாண்ட் போட்டதில்லை. எப்போதும் சைட் ஸ்டாண்ட். பைக் இடது பக்கம் சாயும், உள்ளே எண்ணெயும் அந்தப் பக்கம் ஓடும். வலது பக்கத்துக் குச்சியில் குறைவாகக் காட்டும். அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். பொண்ணு போதுமான அளவு ஊற்றவில்லை என்று நினைத்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பைக் நின்றபோதாவது கூப்பிட்டிருக்கலாம். அவள் அன்று விடுப்பில் வீட்டில்தான் இருந்தாள். கைப்பேசி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. கூப்பிட்டால் ஊற்றியதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதில் மேடு முழுக்கத் தள்ளியிருக்கிறார்.

தாரணி பாட்டிலையும் புனலையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குள் நடந்தாள். பாக்கெட் டிரிங்க் அடுக்கியிருந்த மேசைமீது இரண்டையும் வைத்தாள்.

"என்னடி இது?" என்றார் அங்கமுத்து.

"நீங்க நேத்திலருந்து தேடிக்கிட்டிருந்த லீக்."

நாற்காலிகள் அசைந்தன. கமலா ஆன்டி காது கேட்காதவர்போல முன்வரிசைக்கு இடம் மாறினார்.

"நான் முறுக்குன போல்ட்டு காஞ்சிருக்கு. நான் மாட்டுன கவர் காஞ்சிருக்கு. பவுடர் அப்படியே இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்க. எண்ணெய் அளவுக்கு மேல போனதாலதான் வண்டி நின்னுச்சு. அதை நான் ஊத்தல."

"நீ ஊத்தாம பேயா வந்து ஊத்துச்சு?"

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தாரணி அம்மாவைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் புனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை பார்க்கிற பொருளை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"அம்மாவைக் கேளுங்க" என்றாள் தாரணி.

 பதிகம் யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"அவருதான்" என்றாள் பஞ்சவர்ணம்.

"என்ன பஞ்சு?"

"அவருதான் ஊத்துனாரு. கொறச்சலா இருக்குன்னாரு. புள்ள கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கா, சொன்னா மனசு நோகும், நீயும் சொல்லிராதன்னாரு."

"என் மனசு நோகும்னு" என்றாள் தாரணி.

அம்மா தலையசைத்தாள்.

"மாமா நேத்திலருந்து பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானம்மா உக்காந்திருந்தீங்க?"

"செத்துக் கெடக்கற மனுசன் மேல எப்படிடி சொல்றது?"

"உசுரோட இருக்கறவ மேல சொல்லலாமா?"

பஞ்சவர்ணம் மறுபடி முந்தானை ஓரத்தைப் பிடித்தாள். சுருட்டவில்லை. பிடித்தபடியே இருந்தாள்.

அங்கமுத்து தொண்டையைச் செருமினார். அவருக்குப் புதிய இடம் ஒன்று தேவைப்பட்டது, சீக்கிரமே கிடைத்தது. "அதான் பாரு. வண்டி மேல தப்பே இல்ல. நானும் அப்பவே நெனச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவருக்கு அவர் அப்போது என்ன நினைத்தார் என்பது நன்றாகவே நினைவிருந்தது, ஆனாலும் தலையாட்டினார். கமலா ஆன்டியின் கைப்பேசி அதற்குள் வெளியே வந்திருந்தது. மகள் கொன்றாள் என்று காலையில் போன செய்திக்கு மதியத் திருத்தம் போக வேண்டுமே. தானே எண்ணெய் ஊற்றித் தானே போய்ச் சேர்ந்தார் என்று எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்தப் பேச்சிலிருந்துதான் அம்மா அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று தாரணிக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். "தகனத்துக்கு மண்டாய் போற வண்டி வந்துருச்சு. கொடம் யாரு தூக்கறது?"

"நான்."

திலீப் எழுந்தே நிற்கவில்லை. "அவளே செய்யட்டும்லா, பா" என்றான். ஊக்கு குத்திக் கட்டிய வேட்டியிலிருந்து விடுதலை கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"கை கழுவிட்டு வாம்மா" என்றார் பண்டாரம்.

கழுவினாள். நகத்தைச் சுற்றி இருந்த கறுப்பு போகவில்லை. அப்படியே தண்ணீர்க் குடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாள். பின்னால் கத்தியோடு வந்து குடத்தில் துளை போட வேண்டியது தாய்மாமன். அங்கமுத்து முதல் சுற்றில் கத்தி முனையால் தட்டினார். தண்ணீர் அவள் முதுகில் இறங்கியது. இரண்டாம் சுற்றில் இன்னொரு துளை.  பெட்டியைத் தாண்டும்போது அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். பவுடர் இல்லாமல் அது வேறு யாருடைய கழுத்தோபோல இருந்தது. நின்று பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றை முடித்துக் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டாள். அது உடைந்த சத்தத்துக்கு அங்கமுத்துதான் முதலில் துள்ளினார்.

மண்டாயிலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் குளிக்கப் போனார்கள். தாரணியும் குளித்தாள். பிறகு ஒரு பேசினை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பைக் காலையில் அவள் விட்டபடி நேராக நின்றது. அடி போல்ட்டைத் தளர்த்தி, கூடுதல் எண்ணெயை பேசினில் வடித்தாள். குச்சியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வடித்தாள். சரியாக இரண்டு கோட்டுக்கு நடுவில் வந்ததும், இந்த முறை புது வாஷர் போட்டு இறுக்கினாள். வேலை முடிந்துவிட்டது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பைக்கை முன்னால் தள்ளி சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். சைட் ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டு, மெல்ல இடது பக்கம் சாய்த்து நிறுத்தினாள்.

"தாரணி" என்று நான்காம் மாடியிலிருந்து கமலா ஆன்டி எட்டிப் பார்த்துக் கேட்டார். "இன்னமும் லீக் ஆகுதா?"

அவள் நிமிரவில்லை. வலது பக்கம் வந்து குனிந்து, குச்சியை உருவித் துடைத்து, விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

துடைத்துவிட்டு மறுபடி விட்டாள்.