மூடிக்குப் பன்னிரண்டு, அம்மாவுக்கு இரண்டு

மார்ச் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தின் மாடி அறையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓர் எவர்சில்வர் மூடிக்காகப் பன்னிரண்டு பாசிமணி கோத்தாள்.

மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஓயும்வரை பார்த்திருப்பது அவளுக்கு உயிர். முதலில் ஒரு பாசிக்கு ஒரு சுழற்சி, பிறகு இரண்டுக்கு, மூன்றுக்கு என்று பயிற்சியாளர் விலையை ஏற்றிக்கொண்டே போவாள். எந்த இடத்தில் குழந்தை பாசித் தட்டைத் தள்ளிவிடுகிறதோ, அதுவரை கோத்ததுதான் மதிப்பு. பல் துலக்கப் பழக்குவதற்கு எதைக் கூலியாகக் கொடுப்பது என்று இப்படித்தான் முடிவு செய்வார்கள்.

அடுத்தது அம்மா. மகளின் கைகளைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். அதையும் அளந்து பார்க்கச் சொன்னவள் அம்மாதான். மகள் ஒன்று கோத்தாள், அம்மா சுற்றினாள். இரண்டு கோத்தாள், சுற்றினாள். மூன்று என்றதும் தட்டு நகர்ந்துவிட்டது.

“பெத்தவளைவிட அந்த மூடி ஒசத்தியாப் போச்சா டீச்சர்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு முழுசாக வரவில்லை.

“ஓசில கெடைக்கறதுக்கு யாரு வேலை செய்வாங்கக்கா? இன்னிக்கு எத்தனை தடவை சுத்துனீங்க?”

“பஸ்ல கத்தக் கூடாதேன்னு... கணக்கே இல்ல.”

“ஒரு வாரம் வீட்ல நிறுத்திப் பாருங்க.”

நிறுத்தினாள். மகள் வந்து கையைத் தூக்கியபோதெல்லாம் பாத்திரத்தைத் தேய்த்தாள், துணியை மடித்தாள். தோள்வலி குறைந்தது. அசதி மட்டும் அப்படியே இருந்தது.

“என்னை வெச்சு அளந்தா அரைப் பாசிகூடத் தேறாது, விடு,” என்றான் கணவன்.

ஐந்தாம் நாள் மகள் கையைத் தூக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அம்மாவுக்கு ஏழு பாசி விழுந்தது. பயிற்சியாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“ஏறியிருக்கு பாருங்கக்கா! இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா மூடியைப் பிடிச்சிடலாம்.”

“வேணாம் டீச்சர். என்னை விட்டுடுங்க.”

“ஏன்கா?”

“வீட்ல அவ எங்கிட்ட வர்றதையே விட்டுட்டா.”

பயிற்சியாளர் குறிப்பேட்டில் அம்மாவின் பெயர் இருந்த வரியை அடித்தாள். புதன்கிழமை மூடியை வைத்தே பல் துலக்கும் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் பிரஷ் வாய்க்குள் நான்கு எண்ணும்வரை இருந்தது.